மடுவத்துக் கணக்கும் விருது மேடையும்

கணிதம் கற்பிப்பதிலே சிறந்தோருக்கு இன்று உலகில் விருதுகள் பல வழங்கப்பெறுகின்றன. அவற்றைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில், அதுவும் தமிழ் படித்துத் தமிழ் கற்பிக்கும் நாம், எழுத வேண்டியதென்ன என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களுக்கு ஒப்பிட்டுப் பேசியது எமது மரபு. காரிநாயனார் கணக்கதிகாரத்தைச் செய்யுளிலேதான் செய்தார். ஒரு கண்ணைப் புலவனிடமும் மறு கண்ணைக் கணக்கனிடமும் ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருப்பது பிற்கால வழக்கமே. இது இலக்கியக் காரணம். இதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. பதுளையிலிருந்து பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலி-எல என்று மலையேறிச் செல்லும் வீதிகளின் ஓரத்திலுள்ள தோட்டப் பாடசாலைகளில் கணித ஆசிரியர் இல்லாத காலங்களிலே தமிழாசிரியரே வெண்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகையின் முன் நிற்க நேருகிறது. நாமும் அவ்வாறு மூன்று தவணைகள் நின்றோம். அந்த மூன்று தவணைகளில் மாணவர் எம்மிடம் கற்ற கணிதம் சொற்பம். நாம் அவர்களிடம் கற்றது அதிகம்.

விருதுகளுக்கு வருவோம். சர்வதேசக் கணிதப் போதனை ஆணைக்குழு 1908ஆம் ஆண்டு ரோம் நகரிலே கூடிய கணிதவியலாளர் மாநாட்டில் தோன்றியது. ஜேர்மனியப் பேராசிரியர் பீலிக்ஸ் கிளைன் அதன் முதற் தலைவர். 2000ஆம் ஆண்டில் இவ்வாணைக்குழு இரு பதக்கங்களை நிறுவியது. வாழ்நாட் பணிக்குக் கிளைன் பெயரால் ஒன்று. நீண்ட ஆராய்ச்சித் திட்டமொன்றை நடத்தியோருக்கு, ஒல்லாந்தில் பணியாற்றிய ஹான்ஸ் புரொய்டென்தால் பெயரால் மற்றொன்று. 2003 முதல் 2019 வரை இவ்விரண்டையும் பெற்றோர் பதினெண்மர். பிரான்சு, இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, இஸ்ரேல், ஹொங்கொங் என்று பட்டியல் விரிகிறது. இந்தியாவிலோ இலங்கையிலோ பணியாற்றும் ஒருவரும் அதில் இல்லை.

இதனை மேல்நாட்டாரின் சூழ்ச்சியென்று கூறி எளிதில் முடித்துவிடலாம். மேடையிலே கைதட்டும் கிடைக்கும். ஆயினும் உண்மை அத்துணை எளிதன்று. இதே பட்டியலில் 2005ஆம் ஆண்டு கிளைன் பதக்கம் பெற்ற பிரேசில் நாட்டு உபிராத்தான் டி அம்புரோசியோ இருக்கிறார். 2015இல் புரொய்டென்தால் பதக்கம் பெற்ற தென்னாபிரிக்காவின் ஜில் அட்லர் இருக்கிறார். 2017இல் அதனைப் பெற்ற, பிரேசிலிற் பிறந்த தெரெசினியா நூனெஸ் இருக்கிறார். இம்மூவரும் தம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டவர் எவர்? தெருவிலே தேங்காய் விற்ற சிறுவர். வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் ஒரு மொழியும் பேசிய கறுப்பினக் குழந்தைகள். எழுதப்படிக்கத் தெரியாதார் என்று ஒதுக்கப்பட்ட உழைப்பாளர். ஆகவே இப்பதக்கங்கள் எமது மக்களைப் போன்றோரை நோக்கி ஒரு முறையேனும் திரும்பிப் பார்த்தவை. எந்த அளவுக்குப் பார்த்தன, எங்கே நின்றுவிட்டன என்பதே எமது விசாரணை.

நூனெஸ் பிரேசிலின் ரெசிபே நகரில் வேறிருவருடன் சேர்ந்து செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. ஒன்பது முதல் பதினைந்து வயது வரையான ஐந்து சிறுவர். எல்லோரும் ஏழைகளின் பிள்ளைகள். சந்தையிலும் தெருமுனையிலும் பொருள் விற்பவர்கள். ஆய்வாளர் வாடிக்கையாளரைப் போலச் சென்று, இத்தனை தேங்காய் என்ன விலை, இவ்வளவு தந்தால் மீதி எவ்வளவு என்று கேட்டனர். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விடைகள் சரி. சில நாட்களின் பின் அதே கணக்குகளைத் தாளில், பாடசாலை முறையில், வெறும் எண்களாகக் கொடுத்தனர். சரியானவை நூற்றுக்கு முப்பத்தேழு மாத்திரமே! ஒரு சிறுவனிடம் முப்பத்தைந்து வீதம் பத்துத் தேங்காய் எவ்வளவென்று கேட்டபோது, அவன் ஒரு பூச்சியத்தைச் சேர்க்கவில்லை. மூன்றின் விலையை அவன் அறிவான், அதனை மும்முறை கூட்டினான், எஞ்சிய ஒன்றின் விலையைச் சேர்த்தான், முந்நூற்றைம்பது என்றான். சுற்றுவழிதான், ஆனால் தடுமாறாத வழி. பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டல் என்ற தத்துவத்தை அவனுக்கு எவரும் போதிக்கவில்லை, வயிறு போதித்தது.

இந்த ஆய்வைப் படித்தபோது எமக்கு ரெசிபே நகரம் தெரியவில்லை. கொழுந்து மடுவம் தெரிந்தது.

மடுவத்தைக் காணாத நகரத்து வாசகருக்காகச் சற்று விரித்துரைப்போம். கொழுந்து பறிக்கும் பெண் காலை, பகல், அந்தி என மும்முறை தன் கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுவருகிறாள். ஒவ்வொரு முறையும் சாக்குக்கென்றும், ஈரத்துக்கென்றும் ஒரு கழிவு போகிறது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற குறிப்புத் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். பதினெட்டு என்று வைத்துக்கொள்வோம். அதனை எட்டினால் முழுப்பேர், எட்டாவிடில் அரைப்பேர். காலையில் 7 கிலோ, பகலில் 9.5, அந்தியில் 6 என்று ஒருத்தி பறித்தால் மொத்தம் 22.5. நிறுவைக்கு இரண்டு கிலோ வீதம் கழித்தால் எஞ்சுவது 16.5. பதினெட்டுக்கு நாலரை மேலே நின்றவள் ஒன்றரை கீழே விழுந்துவிட்டாள். அவளுடைய முழுநாள் அரைநாளாகிவிட்டது. 2021ஆம் ஆண்டிலே நாட்சம்பளம் 900 ரூபாவும் வரவு செலவுத் திட்டப் படி 100 ரூபாவுமாக 1000 ரூபா என்றாயிற்றே, அந்த ஆயிரத்தை எத்தனை பெண்கள் முழுமையாகக் கையிற் கண்டனர் என்பதை இந்தக் கழித்தற் கணக்குத்தான் தீர்மானித்தது.

இக்கணக்கை அந்தப் பெண் தாளில் எழுதுவதில்லை. பகல் நிறுவை முடிந்து மலைக்குத் திரும்பும்போதே அந்திக்கு இன்னும் எவ்வளவு வேண்டும், எந்த நிரையிற் கொழுந்து அடர்த்தி, மழை வந்தால் ஈரக் கழிவு எவ்வளவு கூடும் என்று மனத்துக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே நடக்கிறாள். மாத முடிவில் முற்பணம், கடைக்கடன், கோயிற்பணம், சந்தா எல்லாம் போகக் கைக்கு வரவேண்டியதை ஐந்து பத்து ரூபா வித்தியாசத்துக்குள் சொல்லிவிடுகிறாள். இவளுடைய மகள்தான் எமது வகுப்பிலே தசமக் கழித்தலில் தவறுகிறாள். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் இவளைப் பார்த்து, "உங்களுக்குக் கணக்கு வராது, பிள்ளைக்கு எப்படி வரும்?" என்று கேட்கக் கேட்டிருக்கிறோம். அவ்வாறு கேட்டவர் கொடியவரல்லர். தாமும் ஒரு தோட்டத்துப் பிள்ளைதான்.

டி அம்புரோசியோ இதற்கு ஒரு பெயர் சூட்டினார். மக்கள் தத்தம் வாழ்வுத் தேவையிலிருந்து உண்டாக்கிய கணிதத்தை இனக்கணிதம் என்றார். கணிதம் ஐரோப்பாவின் சொத்தென்ற செருக்கை இக்கருத்துத் தகர்த்தது; அதற்காக அவரைப் போற்றுவோம். ஆனால் இவ்விடத்தில் முற்போக்காளர் ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். மடுவத்துக் கணக்கு அழகானது, மக்களுடையது, ஆகவே அதுவே போதும் என்று எவரேனும் சொன்னால், அச்சொல்லைக் கேட்டு மகிழ்பவர் யார்? 1953இல் தென்னாபிரிக்காவிலே பண்டுக் கல்விச் சட்டத்தைக் கொணர்ந்த வெர்வூர்ட், நடைமுறையிற் பயன்படுத்தவியலாத கணிதத்தைக் கறுப்பினக் குழந்தைக்குக் கற்பிப்பதனால் என்ன பயன் என்று பாராளுமன்றத்திலேயே கேட்டவர். எமது தோட்டத்துரைமாரின் மனமும் இவ்வழியிலேதான் சென்றது. 1907ஆம் ஆண்டின் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் கடமையைத் தோட்டத்தின்மேற் சுமத்தியபோது, பல இடங்களிலே அது லயத்தின் ஓர் அறையாகவும், எண்ணும் எழுத்தும் சிறிது அறிந்த ஒருவராகவும் முடிந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் நாட்டின் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே நின்றன. 1970களின் பிற்பகுதியிலேதான் அவற்றுக்கு அந்த வழி திறந்தது. கொழுந்து எண்ணத் தெரிந்தால் போதும், அதற்கப்பால் எண்ணத் தெரிந்தால் ஆபத்து என்ற ஏற்பாட்டின் கீழ்த்தான் மூன்று தலைமுறைகள் வளர்ந்தன.

டென்மார்க்கின் ஒலே ஸ்கொவ்ஸ்மோசும் தென்னாபிரிக்காவின் ரேணுகா வித்தலும் 1997இல் எழுதிய கட்டுரையொன்று இனக்கணிதத்தின் இந்தப் பலவீனத்தைச் சுட்டியது. பண்பாடு வேறு, ஆகவே கல்வியும் வேறாகட்டும் என்பதுதானே இனவொதுக்கலின் வாதமும் என்று அவர்கள் நினைவூட்டினர். இக்கண்டனத்துடன் நாம் பெரிதும் உடன்படுகிறோம். தோட்டத்துப் பிள்ளைக்கு அட்சரகணிதம் வேண்டும், திரிகோணகணிதம் வேண்டும், நகரத்துப் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் வேண்டும். சாதாரணதரப் பரீட்சையிலே கணிதத்தில் தவறியவனுக்கு மேற்படிப்பின் வாசல் எவ்வளவு குறுகிவிடுகிறது என்பதை எம் வாசகராகிய ஆசிரியர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வினா, மடுவத்திலிருந்து அட்சரகணிதத்துக்குப் பாதை உண்டா என்பதே.

அப்பாதையில் முதலிற் குறுக்கே கிடப்பது மொழி. ஜில் அட்லர் தம் நாட்டு ஆசிரியர்களிடம் கண்ட தர்மசங்கடத்தை 2001இல் ஒரு நூலாக எழுதினார். பிள்ளையின் மொழியிலேயே நின்றால் பரீட்சையின் மொழி கைவராது. பரீட்சையின் மொழியிலேயே நின்றால் கணிதம் விளங்காது. சொல்லை விளக்கிக்கொண்டே இருந்தால் பாடம் சொல்லிலே கரைந்து போகும். அவர் கண்டது ஆங்கிலத்துக்கும் ஆபிரிக்க மொழிகளுக்கும் இடையிலான தொல்லை. எமக்கோ தமிழுக்குள்ளேயே இரண்டு தமிழ்கள். மடுவத்தில் எடை, பாடநூலில் திணிவு. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் கண்ணில் நீர் வரும் அளவுக்கு விளங்கும். சதவீதம் என்று எழுதியதும் விழிக்கிறது. வீதம், விகிதம், சதவீதம், விகிதசமன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் சொற்களின் ஓசை ஒற்றுமையிலேயே பாதி வகுப்பு வழி தவறிவிடுகிறது. கலைச்சொல்லாக்கம் பற்றிப் பெருமை பேசியவர்களுள் நாமும் ஒருவர்; ஆதலால் இக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு. அச்சொற்கள் வேண்டாமென்று சொல்லவில்லை. திணிவு என்ற சொல்லுக்கு எடை என்ற சொல்லினூடாகப் பிள்ளையை அழைத்துச் செல்லும் அந்தப் பத்து நிமிடங்களே கணிதப் போதனையின் உயிர்நிலை என்கிறோம். அப்பத்து நிமிடங்களைச் செய்து காட்டுபவருக்கு எந்த மேடையில் இடமிருக்கிறது?

இவ்விடத்தே எம்மா கஸ்தெல்நுவோவோ என்னும் இத்தாலிய ஆசிரியையை நினைவுகூர வேண்டும். 1913இற் பிறந்த இவர் யூதர். 1938ஆம் ஆண்டின் பாசிச இனச் சட்டங்களால் அரசாங்கப் பாடசாலைகளின் கதவு இவருக்கு அடைக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட யூதப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். போரின் பின் 1979 வரை ரோம் நகரின் ஒரு நடுத்தரப் பாடசாலையிலேயே இருந்தார். நூலையும் கோல்களையும் கையிற் கொடுத்துக் கேத்திரகணிதத்தைத் தொட்டுணர வைத்தார். இவர் பெயரால் நடைமுறைக் கணிதப் போதனைக்கென ஒரு விருதை மேற்படி ஆணைக்குழு பின்னர் நிறுவியது. 2016இல் முதல் விருது நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹியூ பேர்க்கார்ட், மல்கம் சுவான் ஆகியோருக்குச் சென்றது. 2020இல் அமெரிக்காவின் கணித ஆசிரியர் தேசியச் சபைக்குச் சென்றது. இவர்கள் தகுதியற்றோர் அல்லர். சுவான் ஆக்கிய பாடங்கள் எவ்வகுப்பிலும் எடுத்தாளத்தக்கவை. எனினும் நெடுங்காலம் ஒரே பாடசாலையில் நின்ற ஆசிரியையின் பெயர் தாங்கிய விருது முதலில் பல்கலைக்கழகத்துக்கும், அடுத்துப் பெருஞ்சபையொன்றுக்கும் போய்ச் சேர்ந்தது ஏன்? ஆராய்ச்சியாளரின் வேலை அச்சேறுகிறது. ஆசிரியையின் வேலை கரும்பலகையில் எழுதப்பட்டு மாலையிலே அழிக்கப்படுகிறது. விருதுக் குழு வாசிக்க முடிந்ததைத்தான் வாசிக்கும்.

விதிவிலக்கு இல்லாமலில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாஸ்கரரின் நூற்பெயரைத் தாங்கிய லீலாவதி விருது 2010ஆம் ஆண்டு ஹைதராபாத் மாநாட்டிலே தொடங்கியது. கணிதத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்வோருக்கானது அது. 2018இல் அதனைப் பெற்றவர் துருக்கியின் அலி நெசின். இலக்கிய வாசகருக்கு அவர் தந்தையைத் தெரிந்திருக்கும்: பலமுறை சிறை கண்ட இடதுசாரி நகைச்சுவை எழுத்தாளர் அஸீஸ் நெசின். தந்தை ஏழைக் குழந்தைகளுக்கென அறநிலையம் அமைத்தார். மகன் மலைச்சாரலிலே ஒரு கணிதக் கிராமத்தையே எழுப்பினார். எழுத்தாளன் வீட்டிலிருந்து கணித ஆசிரியன் புறப்பட்டது எமக்கு மகிழ்ச்சி தருகிறது.

தமிழகத்திலே பி. கே. சீனிவாசன் இருந்தார் (1924–2005). சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர். இராமானுசனின் கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் திரட்டி, 1968இல் அப்பள்ளியின் வாயிலாகவே இரு தொகுதிகளாக வெளிவரச் செய்தார். 1993இல் இராயபுரத்திலே இராமானுசன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி நிலையமும் தோன்ற உழைத்தார். வடசென்னையின் உழைப்பாளர் குடியிருப்புகளுக்கு நடுவே அது அமைந்தது என்பதை நாம் தனியே குறித்துக்கொள்கிறோம். தாளை மடித்துக் கேத்திரகணிதம் காட்டிய அவர், சர்வதேசப் பதக்கங்கள் அளக்கும் வகையான ஆராய்ச்சித் திட்டம் எதனையும் நடத்தியவரல்லர்.

எம் நாட்டிலே கல்வி அமைச்சு ஆசிரியர் தினத்தையொட்டி வழங்கும் குரு பிரதீபா பிரபா விருது எல்லாப் பாடத்தினர்க்கும் பொதுவானது. அதற்கப்பால் நலன்புரி மன்றங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கேடயங்களும் பொன்னாடைகளும் வழங்குகின்றன. கணித ஆசிரியருக்கென்றால் பெரும்பாலும் ஒரே அளவுகோல்: பரீட்சைப் பெறுபேறு.

எமது நண்பர் ஒருவர் தோட்டப் பாடசாலையிற் கணிதம் கற்பிப்பவர். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து மூன்று மைல் ஏற்றம். அவர் சென்ற முதலாண்டு பதினான்கு பேர் பரீட்சை எழுதி ஒருவர் தேறினார். மூன்றாம் ஆண்டு பதினான்கு பேர் எழுதி ஐவர் தேறினர். அவரை விருதொன்றுக்கு முன்மொழிய எண்ணி விண்ணப்பத்தை நாமே நிரப்பினோம். அவருக்கு எழுத்து வராது. எமக்குக் கணக்கு வராது. இருவரும் சேர்ந்து ஓர் இரவு விளக்கொளியில் அதனை எழுதி முடித்தோம். படிவத்தில் ஒரு கட்டம், "சித்தி வீதம்". முப்பத்தாறு என்று எழுதினோம். ஐந்து மடங்காயிற்றே என்று எழுத இடமில்லை. விண்ணப்பம், தகைமை போதாதென்ற ஒரு வரிக் கடிதத்துடன் திரும்பி வந்தது. அவ்வாண்டுக் கேடயம், பிள்ளைகளுக்கு மாலையிலே தனியார் வகுப்பும் வீட்டில் மின்விளக்கும் உள்ள இடத்துக்குப் போயிற்று. பெற்றவர் நல்ல ஆசிரியர்தாம். அவரை நாம் அறிவோம். ஆனால் அக்கேடயம் ஆசிரியரை அளந்ததா, பெற்றோரின் வருமானத்தை அளந்ததா?

2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென எடுக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் மாதம் 6000 ரூபாக் கொடுப்பனவுடன் வகுப்பறைக்குள் நுழைந்தார்கள். போராடிய பின் அது 10,000 ஆயிற்று. அவர்களுள் எத்தனை பேர் கைக்காசில் வெண்கட்டி வாங்கினர் என்பதை எந்தப் படிவமும் கேட்டதில்லை.

நண்பர் விருது கிடைக்காமையை இரு நாட்களில் மறந்துவிட்டார். நாம்தான் மறக்கவில்லை. அதன் பின்னர் ஒருநாள் அவர் வகுப்பின் பின்வாங்கிலில் அமர்ந்திருந்தோம். சமன்பாடு தொடங்கும் நாள். அவர் பாடநூலைத் திறக்காமல், "நேற்று உங்கள் அம்மாவுக்கு எத்தனை கிலோ?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் கை தூக்கியது. கழிவு எவ்வளவு, எத்தனை தடவை என்று கேட்டுக் கரும்பலகையில் வரிசையாக எழுதினார். ஒவ்வொரு தாயின் கணக்கும் வெவ்வேறு எண். கணக்கின் வடிவம் மட்டும் ஒன்றே. பிறகு எண்களை ஒவ்வொன்றாக அழித்தார். மொத்தத்துக்கு ம, தடவைக்கு த என்று எழுதினார். ம − 2த என்பது பலகையில் எஞ்சியது.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒரு சிறுமி எழுந்து, "அப்படியென்றால் ஒரே தடவை நிறுத்தால் அம்மாவுக்கு நாலு கிலோ மிஞ்சும், சேர்" என்றாள். மூன்று தடவைக்கும் ஒரு தடவைக்கும் உள்ள வேறுபாட்டை அவள் எந்த எண்ணையும் தொடாமலே கண்டுவிட்டாள். மற்றொருவன், பெரிய சாக்குக்கும் சின்னச் சாக்குக்கும் ஒரே இரண்டு கிலோவா என்று கேட்டான். அவ்வினாவிலிருந்து விகிதசமன் தானாகவே புறப்பட்டது. நண்பர் அதை மறுநாளுக்கு ஒத்திவைத்தார்.

மறுநாள் அச்சிறுமி நண்பரிடம் வந்து, வீட்டில் நடந்ததைச் சொன்னாளாம். தாய் கொப்பியை விளக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எனக்கு எப்பவோ தெரியும். ஆனா இப்படி எழுதத் தெரியாமப் போச்சே. அந்தத் தாளக் கிழிச்சுத் தா புள்ள, கணக்கப்பிள்ளைகிட்டக் காட்டணும்" என்றாளாம். கொப்பியைக் கிழித்தால் சேர் ஏசுவார் என்று மகள் மறுத்திருக்கிறாள். நண்பர் வேறொரு தாளை எடுத்து, அதையே பெரிய எழுத்தில் எழுதி அவளிடம் கொடுத்தனுப்பினார்.